வாயில்லா உயிரின் வயிறு

உணவிடுதல் அறம் என்பதில் தமிழரிடையே கருத்து வேறுபாடு இல்லை. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்த பிறகே உண்ணத் தொடங்கும் இல்லங்கள் இன்றும் உள்ளன. வாசலில் நிற்பவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்னும் எண்ணம், கப்பலேறி மலாயாவுக்கு வந்த பாட்டன்மாரோடு கூடவே வந்து தோட்டத்து லயங்களிலும் வேரூன்றியது. குறைந்த சோற்றிலும் நாய்க்கென்று ஒரு கவளம் ஒதுக்கி வைத்த தாய்மார் பலர். ஆயினும், இட்ட உணவு அதை உண்ட உயிருக்கு நன்மை செய்ததா என்னும் வினா அந்த அளவுக்கு எழுப்பப்பட்டதில்லை. கொடுப்பவனின் கடமை கொடுத்த அளவில் முடிந்துவிடுகிறதா? கொடுத்தது பெற்ற உயிரின் உடலில் என்ன ஆயிற்று என்று பார்ப்பதும் அக்கடமையின் ஒரு கூறாகுமா?

வினா பெரியது, அது எழுகின்ற இடமோ மிகச் சிறியது. வயிறு எளிதில் கெட்டுப்போகும் ஒரு நாய்க்கு எந்த உணவைக் கொடுப்பது, பழகிய உணவிலிருந்து புதிய உணவுக்கு அதனை எவ்வாறு கொண்டுசெல்வது என்பதே அவ்விடம். சமையற்கட்டின் பின்புறத்தில், ஒரு தட்டின் முன்னே தீர்க்கப்பட வேண்டிய சிக்கல் இது. சிறிய இடத்தில் எழுவதாலேயே இதனைச் சிறிய வினா என்று ஒதுக்கிவிட இயலாது. மன்றத்தில் பேசப்படும் அறத்தைக் காட்டிலும் பின்கட்டில் நடைபெறும் அறமே மனிதனின் தன்மையை நன்கு காட்டிக்கொடுக்கும்.

ஒரு வீடு

கிள்ளானை அடுத்த ஒரு குடியிருப்பில் வாழும் குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்ளலாம். அத்தகைய குடும்பங்கள் பல உண்டு. இரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர். அவருடைய மகனும் மருமகளும். இடைநிலைப் பள்ளியில் பயிலும் பேத்தி. இவர்களோடு ஐந்து வயது நாய் ஒன்று. மழை பெய்த மாலையொன்றில் கால்வாய் ஓரத்திலிருந்து பேத்தி தூக்கிவந்த குட்டி அது. இன்ன இனம் என்று சொல்ல இயலாத கலப்பு நாய். அந்த நாய்க்கு வயிறு சரியில்லை. மாதத்தில் இரு முறையேனும் கழிச்சல் காணும். சில நாள்களில் உண்டதை அப்படியே கக்கிவிடும். இரவில் அதன் வயிறு இரைவது பக்கத்து அறை வரை கேட்கும்.

வீட்டார் அன்பிற் குறைந்தவரல்லர். கழிச்சல் கண்டதும் கடைக்குச் சென்று வேறொரு பொட்டல உணவை வாங்கிவந்தனர். பழையதைக் குப்பையிற் கொட்டிவிட்டு, மறுநாளே புதியதைத் தட்டு நிறைய வைத்தனர். நாய் ஆவலோடு உண்டது. மூன்றாம் நாள் முன்னிலும் மோசமாகக் கழிந்தது. 'இதுவும் ஒத்துவரவில்லை' என்று முடிவு கட்டி, முன்னதிலும் விலை கூடிய இன்னொன்றை வாங்கினர். அதற்கும் அதே கதி. ஆறு மாதங்களில் ஐந்து உணவுகள் மாறின. வெள்ளி செலவானதேயன்றி நாய் தேறவில்லை.

இங்கு நிகழ்ந்த பிழை யாது? அன்பு இருந்தது, பொருளும் செலவிடப்பட்டது. பொறுமை ஒன்றே இல்லாதிருந்தது. பொறுமை இல்லாதபோது உண்மையை அறியும் வழியும் அடைபட்டுப்போகிறது. ஐந்து உணவுகளுள் ஏதேனும் ஒன்று அந்த நாய்க்குப் பொருந்தியதாகவே இருந்திருக்கலாம். திடீரென மாற்றியதால் விளைந்த கழிச்சலை உணவின் குற்றம் என்று அவர்கள் கொண்டுவிட்டனர். குற்றம் உணவினுடையதா, மாற்றிய வேகத்தினுடையதா என்று பிரித்தறிய அவர்களிடம் வழி ஏதும் எஞ்சவில்லை.

குடல் பழகும் முறை

நாயின் குடல் ஒரு வெறும் குழாய் அன்று. அதனுள்ளே கணக்கற்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. எந்த உணவு நாள்தோறும் வருகிறதோ, அந்த உணவைச் சிதைப்பதற்கு ஏற்ற நுண்ணுயிர்கள் பெருகி நிற்கின்றன. செரிமானச் சாறுகளும் வழக்கமாக வரும் உணவுக்கேற்பவே சுரந்து பழகியிருக்கின்றன. புரதமும் கொழுப்பும் நாரும் வேறு அளவில் அமைந்த உணவு ஒரே நாளில் வந்து விழுமானால், இந்த ஏற்பாடு நிலைகுலைகிறது. செரியாத உணவு பெருங்குடலுக்குச் செல்கிறது; அங்கு நொதித்து வாயுவை உண்டாக்குகிறது; நீரை இழுத்துக் கழிச்சலாக வெளியேறுகிறது.

ஆகவேதான் கால்நடை மருத்துவர்கள் ஏழு முதல் பத்து நாள் வரையிலான ஒரு படிமுறையைக் கூறுகின்றனர். முதல் இரண்டு மூன்று நாள்கள் பழைய உணவு முக்கால் பங்கும் புதியது கால் பங்கும். அடுத்த இரண்டு மூன்று நாள்கள் இரண்டும் சரிபாதி. அதன் பின்னர்ப் பழையது கால் பங்கும் புதியது முக்கால் பங்கும். இறுதியிற் புதியது மட்டும். வயிறு மெலிந்த நாய்க்கு இக்காலத்தை இரண்டு வாரமாகவோ அதற்கு மேலாகவோ நீட்டிக்க வேண்டும். இடையில் மலம் இளகினால் மேலே செல்லாமல் அதே படியில் நிற்க வேண்டும். தேவையானால் ஒரு படி கீழே இறங்கவும் வேண்டும். குருதி கலந்து கழிந்தாலும், வாந்தி ஓயாதிருந்தாலும், நாய் சோர்ந்து நீரருந்த மறுத்தாலும் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். குட்டிகளும் முதிய நாய்களும் விரைவில் நீரிழந்து வாடிவிடும்.

செரிமானம் பற்றிய அறிவு மனிதனுக்குக் கிடைத்த வரலாற்றையும் நினைவிற் கொள்வது தகும். உருசிய நாட்டு அறிஞர் இவான் பாவ்லோவ் 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றது செரிமானத்தின் இயக்கத்தை ஆராய்ந்ததற்காகவே. இறைச்சி, ரொட்டி, பால் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இரைப்பையின் சாறு அளவிலும் தன்மையிலும் வேறுபட்டுச் சுரக்கிறது என்று அவர் காட்டினார். அதனை அவர் கண்டது நாய்களின் உடலை அறுத்து, வயிற்றிலிருந்து வெளியே வழி அமைத்து, சுரக்கும் சாற்றைச் சேர்த்து அளந்ததால். வயிற்றின் இயல்பை மனிதனுக்குக் கற்பித்த ஆசிரியர்களுள் அந்த நாய்களும் அடங்கும். அவை விரும்பிக் கற்பிக்கவில்லை. அவற்றின் புண்களின் வழியாக வந்த அறிவை, அவற்றின் இனத்தைச் சேர்ந்த ஒரு நோயாளியின் நலனுக்காகக்கூடப் பயன்படுத்தச் சோம்பினால், அது நன்றி மறத்தலுக்கு மிக நெருங்கிய ஒன்றாகும்.

கடமை எங்கிருந்து வருகிறது?

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அது எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. 'லயத்து நாய்கள் கருவாட்டுத் தலையையும் பழஞ்சோற்றையும் தின்று வளர்ந்தன. அவற்றுக்கு எவர் அளந்து போட்டார்? மனிதக் குழந்தைகள் அரை வயிற்றோடு பள்ளிக்குச் செல்லும் உலகில், நாயின் வயிற்றைப் பற்றி இத்தனை கவலை முறையாகுமா?' என்று கேட்பவர் உண்டு. கேட்பவர் பெரும்பாலும் வறுமையை நேரிற் கண்டவராகவே இருப்பார். ஆதலால் அவருக்கு மதிப்போடு விடை கூற வேண்டும்.

லயத்து நாய்கள் நோயின்றி வாழ்ந்தன என்பதன் ஒரு பகுதி உண்மை, மறுபகுதி மறதி. வயிறு கெட்ட குட்டிகள் பல இறந்துபோயின. எவரும் அவற்றைக் கணக்கில் வைக்கவில்லை. எஞ்சி நின்றவற்றையே நினைவு வைத்திருக்கிறது. அன்றியும், லயத்து நாய் கட்டப்படாத நாய். ஒரு வீட்டில் கிடைக்காததை அடுத்த வீட்டில் தேடிக்கொள்ளும். வயிறு சரியில்லாத நாளில் புல்லைக் கடித்துவிட்டு மரத்தடியிற் படுத்துக்கிடக்கும். வேலியிட்ட வீட்டு நாய்க்கு அவ்வுரிமை இல்லை. தட்டில் விழுவதே அதன் உலகம். தேடி உண்ணும் உரிமையை ஓர் உயிரிடமிருந்து எடுத்துக்கொண்டவன், தகுந்ததை இடும் கடமையை ஏற்றுக்கொண்டவனாகிறான். இக்கடமை இரக்கத்திலிருந்து மட்டும் பிறப்பதன்று. எடுத்துக்கொண்டதற்கு ஈடு செய்வதிலிருந்தும் பிறப்பது. மலேசியாவில் 2015ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விலங்கு நலச் சட்டமும், விலங்குக்குத் தகுந்த உணவு கிடைக்கச் செய்வதை உடைமையாளரின் பொறுப்புகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது.

இந்த உறவு நேற்று ஏற்பட்டதன்று. செருமனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914ஆம் ஆண்டில் ஒரு புதைகுழி வெளிப்பட்டது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு நாய்க்குட்டியோடு புதைக்கப்பட்டிருந்தனர். 2018ஆம் ஆண்டில் அக்குட்டியின் பற்களை மீண்டும் ஆராய்ந்தவர்கள், அது கொடிய நோயொன்றால் வாரக்கணக்கில் துன்புற்றிருக்க வேண்டும் என்றும், மனிதரின் பராமரிப்பு இன்றி அத்தனை நாள் உயிர்வாழ்ந்திருக்க இயலாது என்றும் கருதினர். வேட்டைக்கும் காவலுக்கும் பயன்படாத ஒரு நோயாளிக் குட்டிக்கு, உணவு அரிதான அக்காலத்தில் எவரோ உணவும் நீரும் கொடுத்திருக்கின்றனர். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஓநாய்க்கு இல்லாத அளவில் மாச்சத்தைச் செரிக்கும் மரபணுப் படிகள் நாய்க்குப் பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதனோடு வாழ்ந்து, மனிதனின் உணவில் பங்கு பெற்று, அதன் குடலே மாறியிருக்கிறது. அந்த வயிற்றின் அமைப்பில் மனிதனுக்குப் பங்குண்டு எனும்போது, அதன் நோயிற் பங்கில்லை என்று அவன் கூறுவது எங்ஙனம்?

குழந்தையின் பசிக்கும் நாயின் வயிற்றுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தே தீர வேண்டும் என்ற நிலை வருமானால், குழந்தையே முதலில் வரும். அதில் ஐயம் வேண்டா. ஆனால், கிள்ளான் குடும்பம் அத்தகைய நிலையில் இல்லை. ஐந்து பொட்டலங்களை வீணாக்கிய குடும்பம் அது. பொறுமையோடு ஒன்றை முறையாகக் கொடுத்திருந்தால் செலவும் குறைந்திருக்கும். இவ்விடத்தில் நாய்க்குக் காட்ட வேண்டிய அறத்திற்குப் பொருள் அதிகம் தேவையில்லை; கவனமே தேவை. கவனம் செலவிடுவதால் ஏழைக் குழந்தையின் பங்கு எதுவும் குறைவதில்லை.

பெரியவரின் மாரி பிஸ்கட்டு

ஐந்தாம் உணவும் தோற்ற பிறகு அக்குடும்பம் மருத்துவரை நாடியது. புழு முதலிய பிற காரணங்கள் இல்லையென்று ஆய்ந்தபின், உணவு ஒவ்வாமையாக இருக்கலாம் என்று அவர் ஐயுற்றார். நாய்களுக்கு மாட்டிறைச்சி, பால்பொருள், கோழி, கோதுமை ஆகியவை ஒவ்வாமை தருவதாக அதிகம் அறியப்பட்டவை. இதனைக் கண்டறிய நம்பத்தகுந்த வழி ஒன்றே: நாய் இதுவரை உண்டிராத புரதம் ஒன்றையோ, நுண்ணியதாகச் சிதைக்கப்பட்ட புரதம் கொண்ட உணவையோ எட்டு வாரம் மட்டும் கொடுத்துப் பார்ப்பது. அந்த எட்டு வாரமும் வேறெதுவும் வாயிற் படக் கூடாது. ஒரு துண்டு ரொட்டி, சுவையூட்டிய ஒரு மாத்திரை போதும், சோதனை பயனற்றுப்போவதற்கு.

ஐந்து வாரம் கடந்தும் நாய் முழுமையாகத் தேறவில்லை. மருத்துவர் குழம்பினார். மருமகள் உணவின் மீது ஐயங்கொண்டாள். உண்மை, விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பின்வாசற்படியில் இருந்தது. பெரியவர் நாள்தோறும் அந்நேரத்தில் எழுந்து, கோப்பி கலக்கிக்கொண்டு படியில் அமர்வார். தோட்டத்தில் பெரட்டுக்கு எழுந்த பழக்கம் இன்னும் அவரை விடவில்லை. நாய் வந்து காலடியிற் படுக்கும். இரண்டு மாரி பிஸ்கட்டுகளைக் கோப்பியில் நனைத்து ஒன்றைத் தாம் உண்டு, ஒன்றை அதற்குக் கொடுப்பார். ஐந்து ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். மருத்துவர் விலக்கச் சொன்னது அவருக்குத் தெரியும். ஒரே ஒரு பிஸ்கட்டு என்ன செய்துவிடும் என்று நினைத்தார். அதிற் கோதுமையும் பாலும் இருப்பதையோ, கோப்பியே நாய்க்கு ஆகாது என்பதையோ அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

இவரைக் குற்றவாளியாக்குவது எளிது, அது நேர்மையாகாது. வீட்டில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றபின் நாள் முழுதும் அவரோடு இருப்பது அந்த நாய் மட்டுமே. அவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் உயிர் அந்த வீட்டில் அது ஒன்றுதான். மகனுக்கு அவர் கொடுக்கக்கூடியது எதுவுமில்லை. பேத்திக்கு அவருடைய கதைகளைக் கேட்க நேரமில்லை. அந்த ஒரு பிஸ்கட்டில் அவருடைய கொடைத்தன்மை முழுவதும் அடங்கியிருந்தது.

அறவியலின் கடினமான பகுதி இதுவே. கொடுப்பவனுக்கு மகிழ்ச்சி தரும் அன்பும், பெறுபவனுக்கு நன்மை தரும் அன்பும் பெரும்பாலும் ஒன்றாகவே செல்கின்றன. ஆதலால் அவை இரண்டு என்பதே மனிதனுக்கு மறந்துபோகிறது. என்றோ ஒருநாள் அவை பிரிந்து நிற்கும்போதுதான், இதுநாள் வரை எதன் பின்னே சென்றுகொண்டிருந்தான் என்பது அவனுக்கு விளங்குகிறது. நாய் வாலாட்டுகிறது, அது விரும்புகிறது, மறுப்பது கொடுமையாகத் தோன்றுகிறது. ஆனால், வாலாட்டுவது நாவின் சொல். வயிற்றின் சொல் மறுநாளே வருகிறது. குழம்புச் சோற்றைப் பிசைந்து வைப்போரும் இவ்வாறே ஏமாறுகின்றனர். வெங்காயமும் பூண்டும் நாயின் குருதிச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதை அறியாமல், எஞ்சிய சாம்பாரை அன்போடு ஊற்றும் கைகள் எத்தனையோ!

பெரியவரின் செயலில் பிஸ்கட்டைக் காட்டிலும் மறைப்பே பெருந்தீங்கு விளைத்தது. அவர் கூறாத ஒரு சொல்லால் மருத்துவரின் கணிப்பு தவறியது. பொருத்தமான உணவின் மேல் பழி விழுந்தது. ஐந்து வாரம் வீணாயிற்று. நோயாளி தானே பேசக்கூடியவனாக இருந்தால், பிறர் மறைத்ததை அவன் சொல்லிவிடுவான். வாயில்லா உயிரின் வழக்கில் அத்தகைய திருத்தம் இல்லை. அதன் சார்பிற் பேசுவோரே அதன் வாய். அவர்கள் மறைத்தால் அது இரண்டாம் முறை ஊமையாக்கப்படுகிறது. நோயையும் அதன் காரணத்தையும் நாடிய பிறகே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்னும் வள்ளுவரின் கருத்தில், காரணத்தை நாடுதல் என்பது மருத்துவன் ஒருவனாற் செய்யக்கூடியதன்று. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் உண்மை உரைத்தாலன்றி அது கைகூடாது.

தன் நோன்பைப் பிறர் தட்டில் வைத்தல்

இதனோடு சேர்த்து ஆராயத்தக்கது மற்றொன்று. புலால் உண்ணாத இல்லங்களில் வளரும் நாய்க்கு எதைக் கொடுப்பது? புலால் மறுத்தல் உயர்ந்த நோன்பு என்பதில் ஐயமில்லை. ஆயின், நோன்பு என்பது ஏற்றுக்கொண்டவனுக்கே நோன்பாகும். ஏற்காத உயிரின் மேல் ஏற்றப்படும்போது அது வெறும் பட்டினியாகவோ குறைபாடாகவோ மாறிவிடக்கூடும். நாய் பல்வகை உணவையும் செரிக்க வல்லது; முறையாகச் சத்துகள் சேர்த்து அமைக்கப்பட்ட மரக்கறி உணவில் அதனால் வாழ இயலும். பூனைக்கு அதுவும் இயலாது; விலங்குப் புலாலிற் கிடைக்கும் சத்துகளின்றி அதன் கண்ணும் இதயமும் கெடும். ஆகவே, இறைச்சியைத் தொட மனம் ஒப்பாதவர், மருத்துவரின் துணையோடு நாய்க்கு முழுமையான மரக்கறி உணவைத் தேடலாம். அது நாயின் உடலுக்கு ஒத்துவராதபோது விட்டுக்கொடுக்கும் மனமும் அவருக்கு இருக்க வேண்டும். வெறும் தயிர்ச்சோற்றை நாள்தோறும் வைத்துவிட்டுத் தம் அறம் காக்கப்பட்டது என்று எண்ணுவாராயின், அவருடைய அறத்திற்கான விலையை நாய் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இதன் மறுபுறமும் உண்டு. விளம்பரங்களில் ஓநாயின் படத்தைக் கண்டு, நாய்க்கு இயற்கை உணவு பச்சை இறைச்சியே என்றும், தானியம் என்றாலே நஞ்சு என்றும் கருதி, ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவோர் உளர். அவர்களும் தம் கொள்கை ஒன்றையே நாயின் தட்டில் வைக்கின்றனர். தானியம் நீக்கிய சில உணவுகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை 2018ஆம் ஆண்டில் ஆராயத் தொடங்கியது. விலை உயர்ந்ததும் பெயர் பெற்றதும் நல்லதாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. எந்தக் கொள்கை சரி என்று கண்டறியும் இடம் பொட்டலத்தின் மேலட்டை அன்று. அந்த நாயின் எடை, மயிரின் பொலிவு, மலத்தின் தன்மை, அதன் சுறுசுறுப்பு ஆகியவையே சான்றுகள். அருவருப்பின்றி அவற்றைப் பார்த்துக் குறித்து வைப்பதும் அன்பின் செயல்தான்.

பேசக்கூடியவர்களின் வழக்கு

தன்னால் மறுத்துரைக்க இயலாத ஓர் உயிருக்காக முடிவு செய்யும் அதிகாரம் மனிதனுக்கு எப்போது உண்டு என்பதே இத்தனை ஆராய்ச்சியின் உட்பொருள். மேற்கண்டவற்றிலிருந்து சில வரையறைகளைப் பெறலாம். முடிவு அந்த உயிரின் நலன் கருதியதாக இருக்க வேண்டும். முடிவு செய்பவனின் வசதியோ பெருமையோ கருதியதாக இருத்தலாகாது. மாற்றம் அந்த உயிர் தாங்கும் வேகத்தில் நிகழ வேண்டும். விளைவைக் கண்காணிக்கும் கடமை முடிவு செய்தவனையே சாரும். தவறு என்று தெரிந்தால் பின்வாங்கும் பணிவு வேண்டும். இந்நான்கும் இல்லாத அதிகாரம், எத்துணை அன்போடு செலுத்தப்பட்டாலும் கொடுங்கோன்மையின் சாயலைப் பெற்றுவிடும்.

இவ்வரையறைகளை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடலாமா? இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சர்க்கரை நோய் கண்ட முதியவரின் தட்டிலிருந்து சோற்றை ஒரே நாளில் நீக்கிவிட்டு, அவர் கேட்காத உணவை வைத்து, 'எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான்' என்று கூறும் பிள்ளைகளைப் பல இல்லங்களிற் காணலாம். அவர்கள் நாய்க்குச் செய்வதையே பெற்றோருக்கும் செய்கின்றனர். நாய்க்குச் செய்யும்போது வேறு வழியில்லை. அதனால் பேச இயலாது. பெற்றோரால் பேச இயலும். எதை விட மனமுண்டு, எதை விட மனமில்லை, எத்தனை நாளில் மாற இயலும் என்று அவரிடம் கேட்கலாம். கேட்காமல் மாற்றுவது, பேசக்கூடியவரை வாயில்லாதவராக்குவதாகும். வாயில்லா உயிரிடம் காட்டும் நிதானத்தை மனிதரிடமும் காட்ட வேண்டும். அதற்கும் மேலாக அவர்களிடம் கேட்கவும் வேண்டும்.

கிள்ளான் வீட்டிலும் குறை அதுவாகவே இருந்தது. நாயின் உணவைப் பற்றிய முடிவை மகனும் மருமகளும் மருத்துவரும் எடுத்தனர். பெரியவரிடம் 'பிஸ்கட்டுக் கொடுக்காதீர்கள்' என்ற ஆணை மட்டும் வந்து சேர்ந்தது. ஏன் என்று அவருக்கு எவரும் விளக்கவில்லை. அவருடைய விடியற்காலையில் அந்த நாய்க்கு உள்ள இடத்தை எவரும் வினவவில்லை.

இதனை அறிந்தவள் பேத்திதான். தேர்வுக்குப் படிக்க ஒருநாள் விடியலில் எழுந்தவள், பின்வாசற்படியில் நடப்பதைக் கண்டாள். அவள் கூச்சலிடவில்லை. அருகில் அமர்ந்து, "தாத்தா, இதற்கு உங்கள் கையால்தான் சாப்பிட வேண்டும். பிஸ்கட்டா வேறொன்றா என்பது அதற்குப் பெரிதில்லை" என்று சொன்னாள். எட்டு வாரக் கணக்கையும், ஒரு துண்டினால் அது முறிந்துபோவதையும் விளக்கினாள். பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, ஐந்து வாரமும் தாம் கொடுத்து வந்ததை மகனிடமும் மருத்துவரிடமும் தாமே சொன்னார். எழுபது வயதைக் கடந்த ஒருவர் ஒரு நாயின் பொருட்டுத் தம் தவற்றை வாய்விட்டு ஒப்புக்கொள்வது சிறிய செயலன்று.

சோதனை முதலிலிருந்து தொடங்கியது. அளந்து போடும் பொறுப்பு பெரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. காலைப் பங்கிலிருந்து பத்து மணிகளை எடுத்து ஒரு சிறு கிண்ணத்தில் தனியே வைத்துக்கொள்வார். ஐந்தரை மணிக்குக் கோப்பியோடு படியில் அமர்ந்து, தாம் ஒரு பிஸ்கட்டை உண்டு முடித்துக் கையைத் துடைத்துவிட்டு, அந்த மணிகளை ஒவ்வொன்றாகக் கொடுப்பார். நாய் முன்போலவே வாலாட்டி வாங்கிக்கொண்டது. எட்டாம் வாரத்தில் அதன் வயிற்று இரைச்சல் நின்றிருந்தது.

இன்னும் ஒரு படி எஞ்சியிருந்தது. பழைய உணவைச் சிறிதளவு மீண்டும் கொடுத்து, நோய் திரும்புகிறதா என்று பார்த்தாலன்றி ஒவ்வாமை உறுதியாகாது என்றார் மருத்துவர். தேறிய உயிரை அறிந்தே மீண்டும் வருத்துவதா என்று அவ்வீட்டார் தயங்கினர். அது நியாயமான தயக்கமே. உறுதியான அறிவு ஒருபுறமும், வேண்டாத வேதனை மறுபுறமும் நின்றன. மகன் முடிவு செய்ய வாயெடுத்து, பின்னர் நிறுத்தி, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அப்பா?" என்று கேட்டான்.

பெரியவர் நாயைப் பார்த்தார். "இப்போது வேண்டா. நன்றாக உண்டு நன்றாக உறங்குகிறது. கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அதுவே அவ்வீட்டின் முடிவாயிற்று. மருத்துவ நூல் வேறு கூறலாம். மருத்துவரும் அதனை வற்புறுத்தவில்லை. நாயின் வயிற்றைத் திருத்தப் புகுந்த குடும்பம், கேட்டறிந்து முடிவு செய்யும் பழக்கத்தையும் அதனோடு பெற்றது. வாயில்லா உயிரின் பொருட்டு மனிதன் மேற்கொள்ளும் பொறுமை அந்த உயிரோடு நின்றுவிடுவதில்லை. வீட்டில் வாயிருந்தும் பேசாதிருப்பவர் பக்கமும் அது மெல்லத் திரும்புகிறது. திரும்பாதாயின், அந்தப் பொறுமை இன்னும் முழுமை பெறவில்லை என்பதே பொருள்.